கடுவன் குறுக்கே போன ஞாயிற்றுக்கிழமை

மாட்டு வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பில் எதிர்வீட்டிலிருந்து வாங்கிய இரவல் பட்டுப்புடவை, கழுத்தில் அத்தையின் சங்கிலி, காதில் அம்மாவின் கம்மல். எதுவும் என்னுடையது இல்லை. வேர்வை மட்டும் சொந்தம்.

வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று வலது கையை உயர்த்தினார். வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடித்தான். எங்கள் மாட்டுக் கொட்டகையிலிருந்து எதிரே இருந்த செக்கு வீட்டுக்கு ஒரு பூனை தெருவைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. எங்களுக்கு அதன் பின்பக்கமும் வாலும்தான் தெரிந்தன.

"போச்சு," என்றாள் அம்மா என் முதுகுக்குப் பின்னால்.

"நம்ம கடுவன்தாம்மா," என்றேன்.

"கடுவனா? அப்டின்னா ஒண்ணும் இல்ல." நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அவ்வளவு தைரியமாக வெளியே போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அந்த வார்த்தை

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்தத் தொடரில் யாரையோ பற்றி 'கடுவன் மாதிரி உறுமினான்' என்று எழுதியிருந்தேன். கல்லூரியில் படிக்கிற ஒரு வாசகி, கடுவன் என்றால் என்ன, கடவுள் என்பதை அச்சுக் கோத்தவர் மாற்றிவிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். நல்ல காலம், பூனை என்றால் என்ன என்று கேட்கவில்லை.

கடுவன் என்றால் ஆண் பூனை, தாயே. குரங்கிலும் ஆணைக் கடுவன் என்பார்கள், பெண்ணை மந்தி என்பார்கள். கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதே இல்லை. வீட்டில் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்து உர் உர் என்கிற ஆம்பளையைப் பார்த்து, "கடுவம்பூனை மாதிரி இன்னாத்துக்கு உக்காந்துகினு கீற" என்று கேட்காத பெண்சாதி எங்கள் பக்கத்தில் கிடையாது.

வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதற்கு என் நைனா ஒரு விளக்கம் வைத்திருந்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அதற்கு மேல் படித்திருந்தால் இவ்வளவு விளக்கம் வைத்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். கடு என்றால் கடுமை, கடுகடுப்பு. கடுப்பாக இருக்கிறவன் கடுவன். "கடுங்காப்பி இல்ல, அந்தக் கடுதான் இது," என்று சொல்லிவிட்டு, கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பார்.

வெகுகாலம் கழித்துப் பட்டணத்தில் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் இதைச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆட்டுக்கடா, எருமைக்கடா என்கிறோமே, அந்தக் கடாவுக்கு உறவாக இருக்கலாம், வெறுமனே ஆண் என்றுதான் பொருள், கடுமைக்கு அங்கே வேலை இல்லை என்றார். "அப்போ எங்க நைனா சொன்னது?" என்றேன். "அப்படியும் இருக்கலாம்," என்றார். பண்டிதர்கள் அப்படியும் இருக்கலாம் என்றால் அவர்களுக்கும் தெரியாது என்று அர்த்தம்.

எனக்கு நைனாவின் விளக்கம்தான் பிடிக்கும். அதில் எனக்கும் இடம் இருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு கடுவன்கள் இருந்தன. ஒன்று அந்தப் பூனை. இன்னொன்று நான்.

தனக்கோட்டி என்கிற கடுவன்

எனக்கு வைத்த பேர் தனக்கோட்டி. கூப்பிட்ட பேர் கடுவன். அதை வைத்தவள் என் அத்தை, நைனாவின் தங்கை. சின்ன வயதில் அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள், நான் உறுமினேன். அவ்வளவுதான். "இது பொண்ணு இல்லடி, கடுவன்," என்றாள் அம்மாவிடம். மறுநாள் தெரு பூராவும் அதே பேச்சு. எங்கள் மண்ணூர்பேட்டையில் ஒரு பேர் பரவுவதற்குத் தபால் தேவையில்லை.

பேரைக் கெடுத்துக்கொள்ளாமல் நானும் அதற்குத் தகுந்தபடியே வளர்ந்தேன்.

முதலில் என்னைப் பார்க்க வந்தவர்கள் பூந்தமல்லிக்காரர்கள். பையனின் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கால் நல்லா கீதான்னு தெரியணும், கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க," என்றாள். "உங்க தம்பியும் எழுந்து வரட்டுமே, ரெண்டு பேரும் சேந்தே நடந்து காட்டறோம்," என்றேன். காப்பி ஆறுவதற்குள் அவர்கள் வண்டி ஏரிக்கரையைத் தாண்டிவிட்டது.

அடுத்து வந்தவர்கள் வில்லிவாக்கத்துக்காரர்கள். பொண்ணு வாயாடியாமே என்று அம்மாவைக் கேட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை, உள்ளிருந்து ஒரு பார்வைதான் பார்த்தேன். அதற்கே எழுந்துவிட்டார்கள். வாயாடி என்று போகவில்லை, முறைத்தாள் என்று போனார்கள். அப்படிப் போனவர்கள் போகிற வழியில் என் பேரையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயது ஆகிவிட்டது. அந்தக் காலக் கணக்கில் முற்றிப்போன வயது. என்னோடு சொட்டாங்கல் ஆடியவர்கள் எல்லாரும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அத்தை திருமழிசைப் பேச்சை எடுத்தாள். அவளுடைய மைத்துனர் ஒருத்தர் அங்கே இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வயது ஐம்பதைத் தாண்டியது. நிலம் நீச்சு உண்டு. மகள் ஒருத்தியும் உண்டு. என்னோடு சொட்டாங்கல் ஆடியவர்களில் அவளும் ஒருத்தி. அவளுக்கு நான் சித்தியாகப் போகவேண்டும் என்பது அத்தையின் ஏற்பாடு.

"இந்த ஞாயித்துக்கெழம வர்றவங்களும் வேணாம்னுட்டா, புதங்கெழம எங்க மச்சினரு தட்டு எடுத்துகினு வருவாரு. சொல்லிட்டேன்," என்றாள். நைனா தலையாட்டிவிட்டார். தங்கைக்கு முன்னால் அவருக்குத் தலை இருந்ததே ஆட்டுவதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிற பையனை நான் பார்த்ததில்லை. யுத்த காலம் அது. ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் வரிசை வரிசையாகக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே லாரி ரிப்பேர் செய்கிற பையன், சொந்த ஊர் மாங்காடு என்று மட்டும் தெரியும். ஆனால் திருமழிசைக்காரரைப் பார்த்திருந்தேன். ஆவடிப் பையன் எப்படி இருந்தாலும் சரி என்று முடிவு செய்ய அதுவே போதுமானதாக இருந்தது.

ஆதிமூலம் மாமா

வண்டியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பெரியவர் பையனின் தாய்மாமன். ஆதிமூலம் என்று பேர். பையனுக்கு அப்பா இல்லை, மாமாதான் வளர்த்தவர், அவர் சொன்னால் சரி. அவருக்குச் சகுனம் சொன்னால் சரி.

ஒற்றைத் தும்மலுக்காகப் பெரம்பூர் ரயிலை விட்டவர் என்று சொல்வார்கள். அதுவும் தும்மியது ரயில் நிலையத்துக்கு வெளியே கட்டியிருந்த யாரோ ஒருத்தருடைய ஆடு. என்னைப் பார்க்க வந்த அன்று மாங்காட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பியவர்கள், காலிக்குடம் ஒன்று, விறகுக்கட்டு ஒன்று என்று பார்த்துப் பார்த்து, நின்று நின்று, எங்கள் தெருமுனைக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு. அதற்குள் வீட்டுப் படியேறிப் பார்த்து முடிக்காவிட்டால் அவர் அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவார். அப்புறம் புதன்கிழமைதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பூனை குறுக்கே போனால் திரும்பிவந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பவேண்டும். ஆனால் இது பொட்டைப் பூனைக்குத்தான். கடுவன் போனால் தோஷம் இல்லை. எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது என்று கேட்காதீர்கள். யார் கண்டுபிடித்தார்களோ, அவருக்கு அன்று ஏதோ அவசர வேலை இருந்திருக்கவேண்டும்.

நைனாவின் தைரியத்துக்குக் காரணம் இதுதான்.

மூஞ்சியைப் பாருங்க

தெருமுனையில் காதர் பாயின் லாடம் அடிக்கிற கொட்டகை. வண்டி அதன் எதிரேதான் நின்றது. தெரு சின்னது, பேசுவதெல்லாம் ஜன்னலுக்குக் கேட்டது. கேட்காததைப் பிற்பாடு காதர் பாய் பல முறை, முறைக்கு ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

"வாங்க, வாங்க. இன்னாத்துக்கு இங்கியே நின்னுட்டீங்க?" என்றார் நைனா.

"பூனை," என்றார் மாமா.

"அது கடுவங்க. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்வாங்கோ."

"கடுவன்னா தோசம் இல்லதான். மாங்காட்டுலயும் அப்டித்தான். ஆனா நீ சொல்றத நா எப்டி நம்பறது?"

அந்த நேரம் பார்த்துப் பூனை செக்கு வீட்டிலிருந்து வெளியே வந்தது. நடுத்தெருவில் நின்று எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு எங்கள் கொட்டகைக்குள் போயிற்று.

"தோ, மூஞ்சியப் பாருங்க. மொறம் மாதிரி. பொட்டைக்கு இந்த மூஞ்சி வருமா?" என்றார் நைனா.

உண்மையிலேயே பெரிய முகம். பானைத் தலை, கிழிந்த காது, சாம்பலில் கறுப்பு வரி. நாய்களை அது தெருவை விட்டே துரத்தியிருக்கிறது. கொஞ்ச நாளாக வயிறு பெருத்திருந்தது. தயிர்ப்பானையில் வாய் வைத்துக் கொழுத்துப் போனான் என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் வயிறு வற்றியது. பானையை உறியில் தூக்கிக் கட்டியதால் இளைத்துவிட்டான் என்று அதே அம்மா பரிதாபப்பட்டாள். பேர் வைத்த பிறகு யாரும் ஆளைப் பார்ப்பதில்லை, பாருங்கள்.

"மூஞ்சி பெருசுதான்," என்று மாமா ஒப்புக்கொண்டார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று காதர் பாயின் பலகையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். எல்லாரும் மறுபடி வண்டியில் ஏறினார்கள். மாடு ஒரு எட்டு வைத்தது.

பூனை மறுபடி வந்தது. இந்த முறை அதன் வாயில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

மாமாவின் கை மேலே போயிற்று. "வாயில இன்னா?"

"எலி," என்றார் நைனா. கண் இமைக்கவில்லை.

காதர் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "அண்ணாத்தே, எலி மியாவ்னுது."

அந்தச் சின்னக் குரல் எனக்கும் கேட்டது. நைனா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். மனுஷன் அப்போதாவது விட்டிருக்கலாம். விடவில்லை. "யாரோ பெத்துப் போட்டுட்டுப் போன குட்டிங்க. பாவமேன்னு தூக்கிகினு போறான். எங்க கடுவனுக்கு எளகின மனசு."

"எளகின மனசா? அப்பறம் அது இன்னா கடுவன்?" என்றார் மாமா.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.  மாமா இறங்கினார், உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். வண்டி கிளம்புவதற்குள் பூனை திரும்பி வந்தது. மறுபடி இறங்கினார், உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். "பானையில அடி தெரியுது சாமி," என்றார் காதர் பாய். "அடுத்த வாட்டிக்கு மாட்டுத் தொட்டிலதான் மொண்டு தரணும்."

வேப்பிலைப் புகை

வீட்டுக்குள் அத்தை என் பக்கத்தில் வந்து நின்று தெருவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. "போவட்டும் வுடு. நா புதங்கெழமைக்குச் சொல்லி அனுப்பிடறேன்," என்றாள்.

 சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துபோனேன். திருமழிசைக்காரர் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவது என் காதில் கேட்டது. நான் உறுமினால் கன்னத்தைக் கிள்ளியவள் கையை எடுப்பாள், பூந்தமல்லிப் பையனின் அக்கா காப்பியை வைத்துவிட்டுப் போவாள். இந்த மாமாவிடம் நான் என்ன உறுமினாலும் பூனை குறுக்கே போனது போனதுதான்.

அப்போதுதான் மூக்கில் அந்த வாசனை ஏறியது. வேப்பிலைப் புகை. விருந்தாளிகள் வருகிறார்கள், கொசு இருக்கக்கூடாது என்று அத்தைதான் காலையில் மாட்டுக் கொட்டகையில் மூட்டம் போட்டிருந்தாள். வைக்கோல் பரண் முழுக்கப் புகை. எந்தத் தாய்தான் அங்கே குட்டிகளை வைத்திருப்பாள்? அது சகுனம் கெடுக்கக் குறுக்கே போகவில்லை. முதலில் வெறும் வாயோடு போய் இடம் பார்த்துவிட்டு வந்து, இப்போது ஜாகை மாற்றிக்கொண்டிருக்கிறது. கடைசிக் குட்டி போய்ச் சேருகிற வரைக்கும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நான் கொட்டகைக்கு ஓடினேன். பரணில் இன்னும் மூன்று குட்டிகள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் நான்காவது ஆளாக உட்கார்ந்திருந்த பூனை என்னைப் பார்த்து உர்ரென்றது. நானும் பதிலுக்கு உர்ரென்றேன். அதற்கு என்னைத் தெரியும்.

தவிட்டுக் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, புடவை முந்தானையால் குட்டிகளைப் பிடித்து உள்ளே போட்டேன். அம்மா வாசலில் வழி மறித்தாள்.

"அடியே, பொண்ணு பாக்க வந்தவங்கோ நிக்கறாங்கோ. தெருவுல போவாதடி. பொண்ணு எங்கனா தானா போயி நிக்குமா?"

"போவலன்னா புதங்கெழம எங்கம்மா போறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். வாசலை விட்டு நகர்ந்து நின்றாள். அம்மா எனக்குச் செய்த எத்தனையோ உபகாரங்களில் அந்த ஒரு அடி நகர்ந்ததைத்தான் பெரிதாகச் சொல்வேன்.

நடுத்தெருவில்

தெருவில் இறங்கினேன். இரவல் பட்டு சரசரக்க, தலை நிறையப் பூவோடு, இடுப்பில் கூடையோடு. கூடைக்குள் மூன்று குட்டிகளும் மூன்று குரலில் கத்தின. பின்னாலேயே பூனை, வாலைத் தூக்கிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

தெருமுனையில் மாமாவின் கை பாதி தூக்கினபடியே நின்றது.

"கன்னிப்பொண்ணு நெறஞ்ச கூடையோட எதிர்ல வந்தா அது நல்ல சகுனம்," என்றார் மெதுவாக, கணக்குப் போடுகிறவர் மாதிரி.

"கூடைக்குள்ள பூனைங்க கீதே," என்றார் காதர் பாய். "அது எந்தக் கணக்குல வரும் சாமி?"

மாமா யோசித்தார். அவர் அறுபது வயதில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. வண்டியிலிருந்து தானாகவே இறங்கிப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

சரியாக நடுத்தெருவில் ஒரு குட்டி கூடையின் விளிம்பில் ஏறிக் கீழே விழுந்தது. பட்டுப்புடவையில் குனிந்தால் கூடை சாயும். நிமிர்ந்தால் குட்டி போகும். நான் அப்படியே நின்றேன்.

அப்போது வண்டியிலிருந்து ஒருத்தர் குதித்து வந்தார். ஒல்லி, நெடுநெடுவென்று உயரம், இரண்டு காதும் வெளியே நின்றன. நகக்கண்ணில் கறுப்பு மசி. பெண் பார்க்க வருகிறோமே, தேய்த்துக் கழுவுவோம் என்று தேய்த்திருக்கிறார், போகவில்லை. நேராக வந்து பூனைக்கு முன்னால் தெருவைக் கடந்து, குட்டியைப் பொறுக்கி எடுத்தார்.

"டேய், பூனைக்குக் குறுக்கப் போறியேடா," என்று மாமா பலகையிலிருந்து கத்தினார்.

"நாந்தான மாமா குறுக்கப் போனேன்? அப்டின்னா சகுனம் அதுக்குத்தான். அது திரும்பிப் போவுதான்னு பாக்கலாம்."

தெருவே பூனையைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பூனை நின்றது. நடுத்தெருவில் உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது.

"அதுக்கும் ஒரு வாய் தண்ணி குடுங்கோ," என்றார் காதர் பாய்.

பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குட்டியைக் கூடையில் போட்டார். "எத்தினி குட்டி?" என்று கேட்டார். முதன்முதலாக என்னிடம் பேசிய பேச்சு.

"கண்ணு தெரியல? எண்ணிப் பாக்கறது," என்றேன். பழக்கம். வாயை விட்டு வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் நிஜமாகவே எண்ணினார். "மூணு."

"செக்கு ஊட்டுல ஒண்ணு கீது. மொத்தம் நாலு," என்றேன், இந்த முறை கொஞ்சம் மரியாதையாக.

செக்கு வீட்டு எள் மூட்டைகளுக்குப் பின்னால் கூடையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது பூனை எங்களைத் தாண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம் அது வெளியே வரவில்லை. தூரத்தில் நாலு மணி ரயில் கூவியது.

தட்டு

வீட்டுக்குள் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உளுந்து வடை, வெல்லம் போட்ட சுசியம். சர்க்கரைக்கு அப்போது கிராக்கி. நான் வந்து கும்பிட்டுவிட்டு நின்றேன். முந்தானையில் குட்டி நனைத்த இடத்தை உள்ளே மடித்துப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் காதை வெளியே வைத்துக்கொண்டு எந்த இடத்தில் பல்லி சொல்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இப்பத்தான் பேசாம நிக்கறா. எங்க தெருவுல இவளுக்குப் பேரே கடுவந்தான். பின்னாடி யாரும் சொல்லலன்னு எங்களத் திட்டக்கூடாது பாருங்க," என்றாள், ரொம்ப நல்லவள் மாதிரி.

நைனா தலையைக் குனிந்தார். அம்மா வடைத்தட்டைக் கீழே வைத்தாள். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

ஆதிமூலம் மாமா சுசியத்தை வைத்துவிட்டுத் துண்டைத் தட்டிக்கொண்டார். "சரி. ஊட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்."

பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். அப்படிச் சொன்னவர்கள் யாரும் சொல்லி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை.

பையன் எழுந்திருக்கவில்லை. இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். "தெரு பூரா கடுவன் கடுவன்னாங்கோ. கடைசில பாத்தா அது குட்டிய கவ்விகினு போவுது. ஊரு வச்ச பேர நம்பி நா இன்னா பண்றது மாமா?" என்றார்.

 அத்தை சுவரைப் பார்த்தாள்.

வெற்றிலை பாக்குத் தட்டை அம்மா கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தாள். அதை எடுப்பது தாய்மாமன் உரிமை, எடுத்தால் சம்மதம். பையன் அந்தத் தட்டை ஒரு விரலால் மாமா பக்கம் தள்ளினார்.

"நாலரை ஆவப் போவுது. இப்ப வாங்கலன்னா ஆறு மணி வரைக்கும் வாங்கக்கூடாது. ராவு காலத்துல வெறுங்கையோட உக்காந்து கீறது உங்களுக்கு நல்லதா?"

மாமா வெயில் விழுந்த இடத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சுடுபாத்திரத்தை எடுப்பது மாதிரி அந்தத் தட்டை இரண்டு கையாலும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். பத்தொன்பது வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன். அம்மா வந்து முதலில் என் கண்ணைத் துடைத்தாள், அப்புறம் இரவல் புடவையின் முந்தானையைத் துடைத்தாள்.

ராகு காலம் முடிகிற வரை அவர்கள் உட்கார்ந்திருந்து இருந்த வடையையெல்லாம் தீர்த்தார்கள். ஆறு மணிக்கு வண்டி பூட்டியானதும் மாமா ஏறவில்லை. செக்கு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை, கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை.

"அந்தப் பூனைய நம்ப முடியாது," என்றார் நைனாவிடம். "உம்பொண்ண தெருமுனைலேர்ந்து எதிர்ல நடந்து வரச் சொல்லு. அதப் பாத்துகினே கெளம்பிடறோம்."

என்னைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு. என்னைப் பார்த்துக்கொண்டு கிளம்பவேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருத்தர்தான். நான் காதர் பாய் கொட்டகை வரைக்கும் போய்த் திரும்பி, வண்டியைப் பார்த்து நடந்து வந்தேன். சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மாமா கண்ணை மூடிக் கும்பிட்டார். பையன் கண்ணை மூடவே இல்லை.